சண்டியர் என்றொரு சொல்



பத்தாம் ஆண்டு விழாவில் பேச அழைத்தவர்கள், பெரிய பொருள் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பேசினால் போதும் என்றார்கள். ஒரு சொல்லைப் பற்றிப் பேசுவது எளிது என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். ஆனால் தமிழில் ஒரு சொல்லை இழுத்தால் அதன் பின்னே ஓர் ஊரே வந்துவிடுகிறது. நான் எடுத்துக்கொண்ட சொல் 'சண்டியர்'.

ஸ்பானிய மொழியில் 'மாச்சோ' என்றால் ஆண் என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'மாச்சிஸ்மோ' என்ற சொல், அளவுக்கு மீறிக் காட்டப்படும் ஆண்தன்மையைக் குறிக்கிறது. ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு ஆணாதிக்கம் என்றும் ஆண்திமிர் என்றும் எழுதுகிறார்கள். ஆணாதிக்கம் என்பது சமூகத்தின் அமைப்பைச் சொல்லும் சொல். குரலே உயர்த்தாத, மிக மென்மையாகப் பேசுகிற ஒருவரும் அந்த அமைப்பின் பயனை அனுபவிக்க முடியும். மாச்சிஸ்மோ அதுவன்று. நான்கு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒருவன் போடும் வேடம் அது. பார்ப்பவர் இல்லாவிட்டால் அது இல்லை.

அதற்குத் தமிழில் சொல் இல்லையா என்றால், தெருவுக்குத் தெரு இருக்கிறது. வீறாப்பு, சவடால், முறுக்கு, மிதப்பு, மிடுக்கு, ஜம்பம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இளைஞர்கள் 'கெத்து' என்கிறார்கள். அந்தப் பெயரில் 2016இல் ஒரு திரைப்படம் வந்தபோது, அது தமிழ்ச் சொல்தானா என்ற கேள்வி கேளிக்கை வரி விலக்குத் தொடர்பாக எழுந்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. இந்தச் சொற்களெல்லாம் குணத்தைச் சொல்கின்றன. அந்தக் குணத்தை உடையவனை, ஓர் ஆளாக நிறுத்திக் காட்டும் சொல் சண்டியர்தான்.

இந்தச் சொல்லின் உள்ளே பாருங்கள். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குச் சண்டி மாடு எது என்று தெரியும். நுகத்தில் பூட்டியவுடன் படுத்துக்கொள்ளும் மாடு அது. அடித்தாலும் எழாது, வாலை முறுக்கினாலும் நகராது. வழியை மறித்துக்கொண்டு கிடக்கும். 'சண்டிக் குதிரை, நொண்டிச் சாரதி' என்று ஒரு பழமொழியே உண்டு. வேலைக்கு ஆகாத, பிறர் வேலையையும் கெடுக்கிற பிடிவாதத்துக்குச் 'சண்டித்தனம்' என்று பெயர். அந்தச் சண்டியோடு மரியாதை விகுதியாகிய 'அர்' சேர்ந்தவுடன் அவர் சண்டியர் ஆகிவிட்டார். வழியில் கிடந்தது எழுந்து நின்று மீசையை முறுக்கிக்கொண்டது. விகுதியை நாம்தான் கொடுத்தோம். அச்சத்தால் கொடுத்தோமா, வியப்பால் கொடுத்தோமா, கேலியாகக் கொடுத்தோமா என்பது சொல்பவரின் குரலைப் பொறுத்தது. இந்த மூன்றும் ஒரே சொல்லில் கலந்திருப்பதுதான் அதன் தனித்தன்மை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. வடமொழியில் 'சண்ட' என்றால் கடுமை, சினம். 'சண்டி' என்பது துர்க்கையின் பெயர்களுள் ஒன்று. மீசை முறுக்கும் நம் சண்டியரின் பெயருக்குள் ஒரு பெண் தெய்வத்தின் பெயர் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் சொல் ஒருமுறை தமிழ்நாட்டையே பேசவைத்தது. 2003இல் கமல்ஹாசன் தம் படத்துக்குச் 'சண்டியர்' என்று பெயர் வைத்தார். புதிய தமிழகம் கட்சித் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி அதைக் கடுமையாக எதிர்த்தார். தென் மாவட்டங்களின் சாதிப் பூசல்களுக்கு நடுவே அந்தப் பெயர் வன்முறைக்குப் பெருமை சேர்க்கும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். கலைக்குத் தடை கூடாது என்பது மற்றவர்களின் வாதம். முடிவில் பெயர் மாறி, 2004 பொங்கலுக்கு 'விருமாண்டி' என்று படம் வெளிவந்தது. அன்று நடந்தது சரியா தவறா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சாராரின் காதில் வீரமாக ஒலித்த அதே சொல், இன்னொரு சாராரின் காதில் அரிவாளாக ஒலித்திருக்கிறது. ஒரு சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைச் சொல்லும்போது யார் நிமிர்கிறார்கள், யார் ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

மீசையும் அப்படித்தான். 2017இல் குஜராத்தில் காந்திநகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அதன் பின்னர் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தம் மீசையைப் படமெடுத்து வெளியிட்டார்கள். எல்லா ஆணுக்கும் முளைப்பதுதான் மீசை. ஆனால் அதை முறுக்கும் உரிமை எல்லா ஆணுக்கும் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகவே சண்டியர்த்தனம் என்பது ஆண் பெண்ணிடம் காட்டுவது மட்டுமன்று. ஓர் ஆண் இன்னோர் ஆணைப் பார்த்து, நீ முழு ஆண் அல்லன் என்று சொல்வதும் அதில் அடங்கும்.

இனி இதற்கு நேர் எதிரே நிற்கும் சொல்லுக்கு வருவோம். அது ஆண்மை.

இன்று நெடுஞ்சாலை ஓரச் சுவர்களில் இந்தச் சொல்லைப் பார்க்கிறோம். ஆண்மைக் குறைவா என்று கேட்டு, எந்த விடுதியில், எந்தக் கிழமையில் மருத்துவர் இருப்பார் என்று எழுதியிருக்கும். மருந்துக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பெரிய சொல் எவ்வளவு சிறிய அறைக்குள் அடைபட்டுவிட்டது என்பதற்கு அந்தச் சுவர் ஒரு சான்று.

வெள் என்பதோடு மை சேர்ந்தால் வெண்மை ஆகிறது. அதுபோல ஆள் என்பதோடு மை சேர்ந்தாலும் ஆண்மைதான், ஆண் என்பதோடு மை சேர்ந்தாலும் ஆண்மைதான். ஆளும் தன்மையும் ஆணின் தன்மையும் தமிழில் ஒரே உருவில் வந்து நிற்கின்றன. இந்த மயக்கத்தை வள்ளுவர் எப்படிக் கையாள்கிறார் என்று பாருங்கள். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் தாளாண்மை, வேளாண்மை, வாளாண்மை என்று மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறார். தாளாண்மை முயற்சி. வேளாண்மைக்கு உபகாரம் என்றே உரையாசிரியர் பரிமேலழகர் பொருள் கொள்கிறார். முயற்சி உடையவனிடத்தில்தான் பிறர்க்கு உதவும் பெருமை தங்கும் என்பது 613ஆம் குறளின் கருத்து. குடிசெயல்வகையில், ஒருவனுக்கு நல்லாண்மை எது என்று கேட்டு, தான் பிறந்த குடியைப் பொறுப்பேற்று நடத்தும் இல்லாண்மையே அது என்கிறார். படைச்செருக்கு அதிகாரத்தில்கூட, அஞ்சாமையைப் பேராண்மை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பகைவனுக்கு ஒரு கேடு வந்தபோது அவனுக்கு உதவுவதே அந்த ஆண்மையின் கூர்முனை என்று முடிக்கிறார்.

எல்லாவற்றிலும் சிறந்தது 148ஆம் குறள். பிறன் மனைவியை விரும்பிப் பாராதிருப்பதற்குப் பேராண்மை என்று பெயர் வைக்கிறார். புறப்பகையை அடக்கியவருக்கும் காமமாகிய உட்பகையை அடக்குவது அரிது, அதை அடக்கியதால்தான் 'பேர்' என்ற அடைமொழி என்று விளக்கம் தருகிறார் பரிமேலழகர். அவர் நம் காஞ்சியைச் சேர்ந்தவர் என்று வழிவழியாகச் சொல்லப்படுவதால் நமக்கு அதில் சிறிது உரிமையும் உண்டு. காமத்துப்பாலில் நாணுத்துறவுரைத்தல் அதிகாரத்துக்குப் போனால், காதலால் வருந்தும் ஆண்மகன் தான் இழந்தவற்றைக் கணக்கிடுகிறான். நாணும் நல்லாண்மையும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறான். வெட்கப்படத் தெரிவது ஆண்மையின் உடன்பிறப்பு என்பது வள்ளுவர் கணக்கு. சண்டியருக்கு முதலில் இல்லாமல் போவது அந்த வெட்கம்தான்.

காஞ்சியைச் சொன்னதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் சென்றார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அந்தக் காட்சி. மயிற்பீலி சூட்டி, மாலை சாத்தி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் வரிசையாக வைத்திருந்த வேல்களைப் பார்த்தார் ஔவையார். எங்கள் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று மட்டும் சொன்னார். புகழ்வது போலப் பழித்தல் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தமிழில் அரிது. அளவுக்கு மீறிக் காட்டிய ஆண்மையை ஒரு பெண் புலவர் ஒரு சில அடிகளில் கரைத்துவிட்டார். போரையும் தவிர்க்கப் பார்த்தார் என்பதையும் மறக்கக் கூடாது. ஆயுதம் எவ்வளவு பளபளப்பாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாக அது உழைத்திருக்கிறது என்ற உண்மை, இன்று கூலிங் கிளாஸ் போட்டுப் பதாகையில் நிற்கும் நம் பிள்ளைகள் பலருக்கும் பொருந்தும்.

இனி நம் ஊர்க் கதை. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இன்றைய பொருளோடு அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திருமழிசையாழ்வார் திருவெஃகாவில் இருந்தபோது, அங்கே தொண்டு செய்த ஒரு மூதாட்டி அவர் அருளால் இளமை பெற்றாள். அவளைக் கண்டு மணந்தான் பல்லவ மன்னன். ஆண்டுகள் சென்றன. அவள் இளமை மாறவில்லை, மன்னன் மூப்படைந்தான். தனக்கும் இளமை வேண்டும் என்று அவன் ஆழ்வாரின் சீடர் கணிகண்ணரை வற்புறுத்தினான். தன்னைப் பாட வேண்டும் என்றும் கேட்டான். கணிகண்ணர் மறுத்தார். நாடு கடத்தப்பட்டார். சீடருடன் ஆழ்வாரும் புறப்பட, ஆழ்வார் சொற்படி பெருமாளும் தம் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை'. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பது தலபுராணம்.

இந்தக் கதையில் மன்னன் கேட்டது என்ன? சுவர் விளம்பரம் விற்கும் அதே பொருளைத்தான் கேட்டான். படை இருந்தது, அரண்மனை இருந்தது, பாடப் புலவர்கள் இருந்தார்கள். தன் மனைவியின் இளமைக்கு முன்னே தன் முதுமை தோற்றுப்போவதாக அவன் அஞ்சினான். அச்சம் ஆணையாக மாறியது. கட்டளை செல்லாதபோது தண்டனையாக மாறியது. எந்த வீட்டிலும், எந்த அலுவலகத்திலும், எந்தத் தெருவிலும் சண்டியர்த்தனம் வளர்வது இந்த வரிசையில்தான். மிரட்டுகிறவனின் உள்ளே முதலில் ஓர் அச்சம் இருக்கிறது.

எதிரே நின்ற கணிகண்ணரிடம் வாளும் இல்லை, மீசை முறுக்கலும் இல்லை. முடியாது என்றார், நடந்தார். அவ்வளவுதான். காவலர்களை எதிர்த்து நின்றதாகவோ மன்னனைச் சபித்ததாகவோ கதையில் இல்லை. நம் ஊரின் பெயரே அந்த அமைதியான மறுப்பின் தடம். ஆண்மைக்கு ஓர் ஊர்ப்பெயர் வேண்டுமானால், ஓரிக்கை என்ற பெயரையே கொடுக்கலாம் என்பது என் துணிபு.

இவ்வளவு சொன்னபின் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. நம் இலக்கியம் முழுதும் ஒரே முகமாக இல்லை. தாளாண்மையைப் புகழ்ந்த அதே இடத்தில், முயற்சி இல்லாதவனின் உபகாரத்தைப் பேடியின் கைவாளுக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். பெண்வழிச்சேறல் என்று ஓர் அதிகாரமே வைத்து, மனைவி சொற்படி நடப்பவனை இகழ்கிறார். பேடி, பொட்டை என்று ஆணை வைவதும், வளையல் போட்டுக்கொள் என்று எதிரியைக் கேலி செய்வதும் மேடைகளில் இன்றும் ஓயவில்லை. ஓர் ஆணை இழிவுபடுத்தப் பெண்ணின் அணிகலனை அனுப்புகிறோம் என்றால், அந்த அணிகலனை அணிந்தவரைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. பெண் விடுதலைக்கு 'ஆண்மை' என்ற கருத்தே அழிய வேண்டும் என்று பெரியார் எழுதியது இதைக் கண்டுதான். வீரமும் கோபமும் ஆளுந்திறமும் ஆணுக்கே உரியவை என்று சொல்லில் எழுதிவைத்துவிட்டால், பெண்ணுக்கு என்ன மிஞ்சும் என்பது அவர் கேள்வி. வள்ளுவரிடம் ஆண்மையைத் திருத்தும் முயற்சி இருக்கிறது. பெரியாரிடம் அதைக் களையும் துணிவு இருக்கிறது. இருவரையும் படித்தவர்கள் இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். இதற்கிடையே மொழியும் சும்மா இருக்கவில்லை. பேடி என்று வையப்பட்டவர்களைத் திருநங்கை என்று மதிப்போடு அழைக்க நம் காலத்தில் கற்றுக்கொண்டோம். 2008இல் அவர்களுக்கென நலவாரியமும் தமிழ்நாட்டில் அமைந்தது. ஒரு வசைச்சொல்லை மரியாதைச் சொல்லால் மாற்ற முடியும் என்பதற்கு நம் கண்முன் சான்று இருக்கிறது.

இது சொல்லாராய்ச்சி மட்டும் அன்று. பெருமாள்முருகன் 2010இல் 'மாதொருபாகன்' எழுதினார். குழந்தை இல்லாத காரணத்தால் காளி என்ற உழவனும் பொன்னாவும் ஊராரின் வாயில் படும் பாடு அதில் இருக்கிறது. உழைக்கிறான், மனைவியை நேசிக்கிறான், யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஆனாலும் ஊர் அவனை ஆணாகக் கணக்கெடுக்கவில்லை. அந்த நாவல் பின்னர் சந்தித்த எதிர்ப்பும், 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்று அளித்த தீர்ப்பும் யாவரும் அறிந்தவை. சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாச'லில் தந்தையின் தோல்வியைத் தீர்க்க மகன் காளையைத் தேடி வருகிறான். காளை தோற்றதும் ஜமீன்தார் அதைச் சுட்டுவிடுகிறார். தன் பெருமையை ஒரு மாட்டின் மேல் ஏற்றி வைத்தவரால், அந்த மாடு தோற்ற பிறகு அதை உயிரோடு பார்க்க முடியவில்லை. மாட்டுக்குப் பதிலாக மகளின் மேல், தங்கையின் மேல் பெருமையை ஏற்றி வைத்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நாளிதழ்களில் படிக்கிறோம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், கடைத்தெருவில், சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மீறி மணந்தது மட்டுமே அவர் செய்தது. அந்தக் கொலைக்குப் பின்னே சாதி இருந்தது. சாதியின் மீசை எது என்றும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்பார்கள். இன்று அதற்குச் சம்பள வேலை என்று பொருள் கொள்கிறோம். வடமொழியில் உத்யோகம் என்றால் முயற்சி. வள்ளுவரின் தாளாண்மையும் அதுதான். தாள் என்றால் முயற்சி என்றும் பொருள், கால் என்றும் பொருள். இந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. குழித்தறியில் காலை இறக்கி, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, கையால் நாடாவை எறிந்து, கோர்வைப் புடவையில் உடலும் கரையும் ஒவ்வோர் இழையிலும் பிசகாமல் பிணையும்படி நாள் முழுதும் குனிந்திருக்கும் நெசவாளியின் தாளாண்மை, சொல்லின் இரண்டு பொருளுக்கும் உரியது. அந்தப் புடவைக்கு நூல் சுற்றுவதிலும் தார் போடுவதிலும் வீட்டுப் பெண்களின் கையும் சேர்ந்திருக்கிறது. கட்டப்போகிறவள் முகம் தெரியாத ஒரு பெண். அவளுக்காக மெல்லிய பட்டிழையை அறுபடாமல் காப்பதில் ஓர் ஆணின் வாழ்நாள் கழிகிறது. நம் பிள்ளைகளுக்கு ஆண்மையைப் பாடமாகக் காட்ட வேறு எங்கும் போக வேண்டியதில்லை. வீட்டுத் தறிமேடையே போதும். ஆனால் பிள்ளை திரையில் பார்ப்பது வேறு. 1992இல் வந்த 'மன்னன்' தொடங்கி 2015இல் வந்த 'ஆம்பள' வரை பெயர்களே பாடம் நடத்துகின்றன. 'மன்னன்' படத்தில் தொழிற்சாலையை நடத்திய பெண் முடிவில் வீட்டோடு நின்றுவிடுகிறாள். கைதட்டியவர்களில் ஆண்கள் மட்டுமா இருந்தோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிறைவாக, வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்து, 2008இலும் 2020இலும் விரிவாகியது. பெரும் உழைப்புகள். ஆயினும் சண்டியரைப் பார்த்து ஒதுங்குகிறவர்கள், அவன் மனைவியாக வாழ்கிறவர்கள், அவன் தாயாகத் தலைகுனிகிறவர்கள், தங்களுக்குள் அவனை என்ன சொல்லி அழைக்கிறார்கள்? தறிக்கூடத்திலும் குழாயடியிலும் அடுப்படியிலும் அந்தச் சொற்கள் வழங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. கேட்டவர் இல்லாததால் எழுத்தில் ஏறவில்லை. பதினோராம் ஆண்டில் நம் உறுப்பினர்கள் வீட்டுக்கு ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்லட்டும். தாயிடமும் பாட்டியிடமும் மனைவியிடமும் கேட்டு, அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் எழுதிக்கொண்டு வரட்டும். நல்ல ஆணுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் எது என்பதையும் மறவாமல் கேட்கட்டும். அடுத்த ஆண்டு மலரில் முதற்பக்கத்தில் அந்தப் பட்டியலே வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.